ஒரு பெரிய சப்பா, இரண்டு சின்னதா?

போன மாதம் யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். மேல்மாடி கட்டி முடித்து, அதில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். புரொஜெக்டர், பெரிய திரை, ஏழு ஸ்பீக்கர், முன் இடது மூலையில் ஒரு 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் தருகிற பெட்டி; சுருக்கமாகச் சப். எல்லாம் பூட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

"அண்ணை, நான் இருக்கிற இடத்தில பேஸே கேக்குதில்லை. பின்னால கதிரையில இருக்கிற அம்மாவுக்கு நெஞ்சு இடிக்குதாம். இதை வித்துப்போட்டு 15 இஞ்சி ஒண்டு எடுக்கவோ, இல்லாட்டி இன்னொண்டு வாங்கி ரெண்டாக்கவோ?"

விற்க வேண்டாம் என்று உடனேயே சொல்லிவிட்டேன். வாங்குவதென்றால் அதே பெட்டியில் இன்னொன்று வாங்குங்கோ, ஆனால் காசை எடுக்க முன் செற்றியை மூன்றடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கோ என்றேன். அவருக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. கடையில் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வருகிற மாதிரி இல்லையே, செற்றி தள்ளுவது. போனில் சொல்லி முடிக்க முடியாத விளக்கத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பலருக்கு வரும்.

முதலில் அறை. அவருடையது 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். என்னுடையதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சீமெந்துக் கல்லில் கட்டி இரண்டு பக்கமும் பூசிய சுவர், ரைல்ஸ் தரை, மேலே கொங்கிறீற். இணையத்தில் இந்த விடயம் பற்றி வருகிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்தச் சுவர் பேஸுக்குக் கொஞ்சம் அசைந்து கொடுத்து அதை உறிஞ்சும். எங்கள் சுவர் அசையாது. உள்ளே போட்ட பேஸ் உள்ளேயே மோதி மோதி நிற்கும். ஓட்டுக் கூரை வீடென்றால் மேலால் நிறையத் தப்பிப் போய்விடும், அயலட்டை வந்து கதைக்கும். அது வேறு பிரச்சினை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவுக் குழாய் ஞாபகம் இருக்கும். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயில் பிடித்துக்கொண்டு நீர்மட்டத்தை இறக்க இறக்க, ஓரிடத்தில் திடீரென்று ஒலி பெருகும். நாங்கள் இருந்து படம் பார்க்கிற அறையும் இரண்டு பக்கமும் மூடிய ஒரு குழாய்தான். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். 18 அடி என்பது 5.5 மீற்றர். அதன் இருமடங்கால் 350ஐப் பிரித்தால் 32 ஹேர்ட்ஸ் வரும். அந்த மீடிறனில் அறையின் நீளத்துக்கு ஒரு நின்ற அலை எழும்பும். அகலத்துக்குக் கணக்குப் பார்த்தால் 48. உயரத்துக்கு 57. நீளத்தின் இரண்டாவது அலை 64. ரிசீவர்களில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி) பொதுவாக 80 ஹேர்ட்ஸில்தான் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதைச் சப்புக்கு அனுப்புவார்கள். ஆக, சப் வேலை செய்கிற அந்தச் சின்னப் பரப்புக்குள்ளேயே குறைந்தது நான்கு மேடுகள், அதாவது ஒலி அளவுக்கு மேல் பெருகும் மீடிறன்கள்.

மேடு மட்டும் என்றால் பரவாயில்லை. நின்ற அலைக்குக் கணு, அதாவது ஒலி இல்லாமல் போகிற இடம் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். எங்கள் காதுக்குப் படுவது அமுக்க மாற்றம். அது சுவரோடு உச்சமாக இருக்கும். முதலாவது அலைக்கு அறையின் நட்டநடுவில் இல்லாமலே போகும். தம்பி செற்றியை எங்கே போட்டிருக்கிறார் என்று கேட்டேன். "சரியா நடுவில, அண்ணை. ஒன்பதாவது அடி." அகலத்துக்கும் நடு. 32க்கும் கணு, 48க்கும் கணு. அம்மாவின் கதிரை பின்சுவரோடு, அதுவும் மூலைப் பக்கம். அங்கே நீளத்து அலையும் அகலத்து அலையும் உச்சம். அவர் 15 அங்குலம் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம். தனக்குக் கேட்க வேண்டுமென்று அவர் கூட்டக் கூட்ட, அம்மா எழும்பிக் குசினிக்குப் போயிருப்பார்.

அதற்காகப் பெரிய சப் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இருக்கிற பெட்டி எல்லா இருக்கையிலும் ஒரே மாதிரிப் போதாமல் இருந்தால், வெடிச் சத்தம் வரும்போது பெட்டியில் காற்றுக்கென்று விட்ட ஓட்டை வழியே காற்று சீறினால், கோன் (ஒலியை எழுப்புகிற கூம்பு) அடியில் போய் டக் டக்கென்று முட்டினால், அது பலம் காணாத பெட்டிதான். மாற்றலாம். தனியாக இருந்து பார்ப்பவர், ஒரே ஒரு கதிரை, அதற்கு நல்ல இடமும் கிடைத்துவிட்டது என்றாலும் ஒரு பெரிய பெட்டி போதும். இந்த இரண்டும் இல்லாமல், ஓரிடத்தில் இடிக்கிறது இன்னோரிடத்தில் இல்லை என்றால் அது பெட்டியின் குற்றமில்லை. கணக்கையும் பாருங்கள்: கோனின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகும். 15ஐ வர்க்கித்தால் 225. 12ஐ வர்க்கித்து இரண்டால் பெருக்கினால் 288. இரண்டு பன்னிரண்டு ஒரு பதினைந்தை விடக் கூடத்தான் காற்றைத் தள்ளும். ஒரே வகைப் பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6 டெசிபெல் வரை கூடும்.

ஈக்யூவால் என்ன முடியும்

"ரிசீவரில மைக் வைச்சு ஓட்டோ செற்றப் செய்தனான் அண்ணை, அது சரிபண்ணாதோ?" இதுவும் அவர் கேட்டதுதான்.

அந்த ஓட்டோ செற்றப் செய்வது ஈக்யூ, அதாவது மீடிறன் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருத்தம். அது மேட்டை வெட்டும். நன்றாகவே வெட்டும். 57 ஹேர்ட்ஸில் அறை குமுறினால் அந்த இடத்தில் மட்டும் சில டெசிபெல் குறைத்துவிட, பேஸ் சட்டென்று இறுகிவிடும். குழியை நிரப்பத்தான் அதனால் முடியாது. 10 டெசிபெல் கூட்டுவதென்றால் அம்பிளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 200 வாற்றில் ஓடுகிற பெட்டியிடம் 2000 கேட்பது மாதிரி. கொடுத்தாலும் கணுவில் அது அழிந்துதான் போகும், பின்சுவரில் இருப்பவருக்கோ அத்தனையும் போய்ச் சேரும்.

பல வருடம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு நான் பிடித்துக்கொண்ட ஒரு பிரிப்பு இருக்கிறது. எல்லா இருக்கையிலும் ஒரே மாதிரி இருக்கிற பிழையை ஈக்யூ திருத்தும். இருக்கைக்கு இருக்கை வேறுபடுகிற பிழையைப் பெட்டி வைக்கிற இடமும் எண்ணிக்கையும்தான் திருத்தும். உயரத்து அலையையே எடுங்கள். தரையில் வைத்த எத்தனை சப்பாலும் அதை அடக்க முடியாது. ஆனால் இருக்கிற எல்லோருடைய காதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் எல்லோருக்கும் அது ஒரே அளவுதான். ஈக்யூவிடம் விட்டுவிடலாம். நீளத்து, அகலத்து அலைகள் அப்படியில்லை. அம்மாவுக்கு மலை, மகனுக்குப் பள்ளம். இதில் எந்த வெட்டு வெட்டினாலும் ஒருவர் ஏமாறுவார். இரண்டாவது பெட்டி தேவைப்படுவது அந்த இடத்தில்தான். சத்தத்தைக் கூட்டுவதற்கு என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். அது ஒரு பக்க லாபம்.

காசில்லாமல் ஒரு சப்போடு செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. சப்பைத் தூக்கி நாம் இருக்கிற இடத்திலேயே வைத்து, பேஸ் ஓடவிட்டு, அறையைச் சுற்றித் தவழ்ந்து எங்கே ஒலி சீராக வருகிறது என்று காதால் பார்ப்பது. இடத்தை மாற்றிக்கொண்டாலும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அறை ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும், அதனால் ஒலி சீராக வந்த இடத்தில் சப்பை வைக்கலாம். நான் முதன்முதல் இதைச் செய்த அன்று, செற்றியில் துவாய் விரித்து அதற்குமேல் சப், நான் நாலுகாலில் அலுமாரிக்குக் கீழே. என் அம்மா விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தையடா துலைச்சுப்போட்டாய்?"

"பேஸ் தேடுறன் அம்மா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அந்த அலுமாரிக்குக் கீழ கூட்டி எத்தினை மாதம், அதையும் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேஸ் வலது சுவரோடு, முன்னிருந்து ஆறடியில் கிடைத்தது. என் ஒருத்தனுக்கு அது போதுமாக இருந்தது. தங்கையின் குடும்பம் வந்து நாலு பேராக இருந்து பார்த்த அன்றுதான் மற்ற மூன்று பேருக்கும் அது எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

இரண்டை எங்கே வைப்பது

பெரும்பாலானவர்கள் இரண்டாவது சப் வாங்கியதும் திரைக்கு இடமும் வலமுமாக முன் மூலைகளில் வைத்துவிடுவார்கள். பார்க்க வடிவு, வயரும் கிட்ட. அகலத்தின் 48 ஹேர்ட்ஸ் அலை இதனால் செத்துப்போகும், ஏனென்றால் அந்த அலைக்கு இடது சுவரும் வலது சுவரும் எதிர் அவத்தையில் இருக்கின்றன (ஒரு பக்கம் அமுக்கம் கூடும்போது மறுபக்கம் குறையும்). இரண்டு பெட்டியும் ஒன்றாகத் தள்ள, ஒன்றின் முயற்சியை மற்றது அழித்துவிடும். ஒரு வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மூன்று பேருக்கு இது நல்ல தீர்வு. மூலையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அகலத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் வைத்தால் அகலத்தின் இரண்டாவது அலையும் எழும்பாது. ஆனால் நீளத்து அலைகளுக்கு, அதாவது 32க்கும் 64க்கும், முன்சுவரில் எத்தனை பெட்டி அடுக்கினாலும் ஒரு பெட்டி மாதிரித்தான். தம்பியின் வில்லங்கம் முன்னுக்குப் பின். அவருக்கு இது சரிவராது.

முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று என்று வைத்தால் கதை மாறும். 32இல் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அகலத்துக்கு நடுவில் இருப்பதால் 48ஐ அவை தொடவே மாட்டா. கணுவில் நின்று தள்ளினால் அலை எழும்பாது. மிஞ்சுவது 64. அது நன்றாகவே எழும்பும். ஆனால் அதற்குக் கணு நீளத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும்தான். அறையின் நடுவிலும் பின்சுவரிலும் ஒரே அளவு உச்சம். ஒரே அளவு என்றால் ஈக்யூவின் வேலை. இடது சுவர் நடு, வலது சுவர் நடு என்று வைத்தாலும் இதே பலன்தான், கணக்குத் திருப்பிப் போட்டது மாதிரி. எந்தச் சோடிக்கு இடம் இருக்கிறதோ அதை எடுக்கலாம். எங்கள் வீடுகளில் பக்கச் சுவர் ஒன்றின் நடுவில் கதவோ யன்னலோ கட்டாயம் இருக்கும், அதனால் முன்பின்தான் பெரும்பாலும் வாய்க்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர் டொட் வெல்டி 2002இல் இதைத்தான் ஆராய்ந்தார்: எத்தனை சப் போதும் என்பதே கேள்வி. செவ்வக அறைகளுக்குச் சுவர் நடுவில் நான்கு வைப்பது மிகச் சீரானது, எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைப்பது அதற்குக் கிட்டத்தட்ட நல்லது, நான்குக்கு மேலே போய்ப் பெரிய பலனில்லை என்று வந்தார். 2006இல் அலன் டெவான்டியரோடு சேர்ந்து, ஒவ்வொரு சப்பின் அளவையும் தாமதத்தையும் தனித்தனியாகத் திருத்தி இருக்கைகளைச் சமப்படுத்தும் முறையையும் வெளியிட்டார். ஏர்ல் கெடிஸ் என்பவர் வேறு பாதை: ஒன்று மூலையில், மற்றவை சமச்சீர் இல்லாமல் அங்குமிங்கும், மூன்று நான்கு பெட்டி, மிச்சத்தை அளந்து திருத்து. என் அனுபவத்தில், நாலு சுவரும் மூடிய செவ்வக அறைக்கு வெல்டியின் வழியும், ஒரு பக்கம் விறாந்தைக்கோ ஹோலுக்கோ திறந்து கிடக்கிற அறைக்குக் கெடிஸின் வழியும் பொருந்துகின்றன. பழைய நாற்சார் வீட்டின் ஹோலில் சமச்சீரைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எதிரெதிர் மூலைகளில், அதாவது முன் இடமும் பின் வலமுமாகக் குறுக்காக வைப்பதும் உண்டு. 32, 48 இரண்டையும் அதுவும் அழிக்கும். நீளமும் அகலமும் சேர்ந்து எழுப்புகிற ஒரு கலப்பு அலை, எங்கள் அளவில் 57, 58 ஹேர்ட்ஸ் பக்கம், அதை மட்டும் இது கிளப்பிவிடும். சுவர் நடுவுக்குக் கொஞ்சம் குறைவு, முன் மூலைச் சோடிக்கு எவ்வளவோ மேல். பின்சுவர் நடுவில் கதவு உள்ளவர்கள் இதை எடுக்கலாம்.

நான்கு பெட்டி? சுவர் நடுக்கள் நான்கிலும் வைத்தால் மிஞ்சிய அந்த 64ஐயும் ஒழிக்கலாம். முன்பின் பெட்டிகள் அதைத் தள்ள, பக்கச் சுவர்ப் பெட்டிகள் அதே நேரம் எதிர்ப் பக்கம் இழுக்கும். கேட்க மிக அழகு. ஆனால் 12 அடி அகல அறையில் பக்கச் சுவர் இரண்டிலும் பெட்டி வைத்தால் நடமாட இடம் எங்கே? ஒருவர் தண்ணீர் குடிக்க எழும்பினால் காலில் இடிபடும். இரண்டு மூன்று வரிசை போட்ட பெரிய ஹோலுக்கு, அல்லது விலை குறைந்த 8 அங்குல, 10 அங்குலப் பெட்டிகள் நான்கு கைவசம் உள்ளவருக்கு நான்கு சரி. மற்றவர்கள் அந்தக் காசைக் குளிரூட்டிக்குப் போடுங்கள். சித்திரை வைகாசியில் யன்னல் சாத்திய அறையில் எத்தனை நல்ல பேஸ் வந்தும் பயனில்லை.

செற்றியின் முதுகோடு ஒட்டினாற்போல் ஒரு சப் வைக்கிற முறையையும் சொல்ல வேண்டும். பெட்டி காதுக்குக் கிட்ட இருப்பதால் அறை வந்து குழப்ப முன் நேரடி ஒலி வந்துவிடும், குறைந்த சத்தத்திலேயே உடம்புக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் இதுதான் மனச்சாட்சிக்கு ஏற்ற வழி. முன்சுவர் முழுக்க அடுக்கி, பின்சுவரில் அதே அளவு வைத்து, பின்னதைத் தாமதப்படுத்தித் தலைகீழாக ஓட்டி அலையை விழுங்க வைக்கிற இரட்டை அணி முறையும் இருக்கிறது. எங்கள் அறைக்குத் தாமதம் 16 மில்லிசெக்கன் வரும். அழகான யோசனைதான், ஆனால் அறையைக் கட்டும்போதே திட்டமிட வேண்டிய வேலை.

வாங்கும்போது

இரண்டும் ஒரே மொடலாக இருக்கட்டும். மூடிய பெட்டி ஒன்றும் ஓட்டை வைத்த பெட்டி ஒன்றும் கலந்தால், ஓட்டையின் மீடிறனை அண்டிய இடத்தில் அவத்தை வேறு வேறாகப் போய், ஒன்றை மற்றது தின்னும். அடி மீடிறன்களில் ஓட்டைப் பெட்டியின் ஒலி எண்மத்துக்கு (மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபெல் வேகத்தில் விழும், மூடியது 12இல். கலந்து வைத்துச் சமாளிக்கவே முடியாது என்றில்லை, ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அந்தத் தலையிடியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. சின்ன சீமெந்து அறைக்கு என் விருப்பம் மூடிய பெட்டி. கீழ் மீடிறனில் அறையே கைகொடுக்கும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதென்றால் ஒரு கவனம். லண்டனில் இருந்து வருவது அப்படியே ஓடும். கனடாவில் இருந்து வருவது பெரும்பாலும் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் கதை ஒரு செக்கனில் முடியும். என்னுடைய முதல் சப் அப்படித்தான் போனது. ஸ்காபரோவில் இருந்து மச்சான் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பெட்டி. பின்பக்க எழுத்தைப் பார்க்காமல் அடப்ரர் போட்டுச் செருகினேன், சின்ன ஒரு 'டப்', பிறகு மணம். பிழை என்னுடையதுதான். பின்பக்கத்தில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. 115-230 என்று மாற்றும் சுவிச் இருந்தால் மாற்றிவிட்டுச் செருகுங்கள். இரண்டும் இல்லையென்றால் தாராளமான வாற்றில் ஒரு ஸ்ரெப்டவுண் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

பாரம்தான் பெரிய தடை. அதனால் ட்ரைவரையும் (கோன் உள்ள ஸ்பீக்கர் பகுதி) அம்பிளிஃபயரையும் மட்டும் வருவித்து, பெட்டியை இங்கேயே தளபாடம் செய்பவரிடம் அடிப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடிய பெட்டி என்றால் கன அளவில் சிறு பிசகு பொறுக்கும், ஓட்டைப் பெட்டி பொறுக்காது. 18 மில்லிமீற்றர்ப் பலகை, உள்ளே குறுக்குக் கட்டை, மூட்டுக்கெல்லாம் பசை. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மாரிகாலத்து ஈரத்தில் ஊதும், அதனால் நான் நல்ல ப்ளைவூட்டையே சொல்வேன். இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் ஒரே பலகையில் அடிக்கச் சொல்லுங்கள்.

ஒத்துப்போகச் செய்தல்

பெட்டி இரண்டும் இடத்தில் இருந்தாயிற்று. இனித்தான் உண்மையான வேலை. ரிசீவரில் சப் அவுட், அதாவது சப்புக்கு வயர் செருகும் ஓட்டை, இரண்டு இருக்கும். பல மொடல்களில் அது ஒரே சிக்னலை இரண்டு ஓட்டையால் விடுவதுதான். சிலது இரண்டையும் தனித்தனியே அளந்து, தாமதத்தைச் சரிசெய்து, பிறகு சேர்த்து ஈக்யூ செய்யும். டெனனின் எக்ஸ்3800எச் மாதிரியானவற்றில் நான்கு தனி வெளியீடு உண்டு, காசு கட்டினால் டிராக் லைவ் என்ற அறைத் திருத்த மென்பொருளும் ஓடும். வாங்க முன் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை ஓட்டை என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தாமதம் வைக்கலாமா என்பது.

உங்கள் ரிசீவரில் அது இல்லையென்றால் மினிடிஎஸ்பி 2×4 எச்டி என்ற சின்னப் பெட்டி அந்த வேலையைச் செய்யும். ஒரு சப் சிக்னலை எடுத்து நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு, தாமதம், ஈக்யூ. அளப்பதற்கு யூமிக்-1 என்கிற யூஎஸ்பி மைக், லப்டொப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். மைக்கின் தொடரிலக்கத்தைக் கொடுத்து அதற்கென்றே உள்ள திருத்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். நல்ல சப் ஒன்றின் விலையோடு பார்த்தால் மைக் சில்லறைக் காசு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவித்தாலே போதும். எங்கள் வட்டத்தில் ஒரே மைக் கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று சுற்றுகிறது.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு சப்பையும் தனியே ஓடவிட்டு, ஒவ்வொரு இருக்கையிலும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வையுங்கள். தாமதத்தில் மூன்று மில்லிசெக்கன் என்றால் ஏறத்தாழ ஒரு மீற்றர். சேர்த்து ஓடும்போது தனியே ஓடியதைவிட ஓரிடத்தில் குறைந்தால் அவத்தை முரண்படுகிறது. அதற்குப் பிறகே ஈக்யூ, அதுவும் இரண்டுக்கும் பொதுவாக. கடைசியில் 80 ஹேர்ட்ஸ் பக்கம் முன் ஸ்பீக்கர்களோடு இணைவதைப் பார்க்க வேண்டும். தனித்தனி அளவீடுகளை மல்டி சப் ஒப்டிமைசர் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குக் கொடுத்தால், எல்லா இருக்கையையும் சேர்த்து யோசித்து எண்களை அதுவே தரும். பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். எனக்கு இரண்டு ஞாயிறு போனது. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் ரிசீவரின் ஓட்டோ செற்றப்பையே நம்பலாம், இடம் சரியாக இருந்தால் அது முக்கால்வாசி தூரம் கொண்டுபோய்விடும். ஒன்று மட்டும்: அது சப்பின் தூரத்தை ஐந்து மீற்றர் என்று காட்ட, நீங்கள் அளவு நாடா பிடித்துப் பார்த்தால் மூன்று மீற்றராக இருக்கும். பிழையென்று திருத்திவிடாதீர்கள். சப்பின் உள்ளே இருக்கிற வடிகட்டிகள் எடுக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

அளக்கிற நேரம் அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீடு கொக்குவில் ரயில் பாதைக்குக் கிட்ட. ஒருநாள் பின்சுவர்ச் சப்பை அளந்தபோது வரைபின் இடது கரை, 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே, கரடுமுரடாக எழும்பி நின்றது. வயரைப் பார்த்தேன், மைக்கைப் பார்த்தேன், சப்பைத் திருப்பி வைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து அடுத்த ரயில் போனபோதுதான் விளங்கியது. காதுக்கு அது தூரத்து இரைச்சல் மட்டும், மைக்குக்கு அது நிலத்தோடு வந்த பேஸ். அன்றிலிருந்து நேர அட்டவணை பார்த்துத்தான் அளக்கிறேன்.

இன்னொரு சில்லறை வேலை, ஆனால் பலன் அதிகம். 20இல் இருந்து 100 ஹேர்ட்ஸ் வரை ஒரு ஒலியை மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள், அறையில் எதெது ஆடுகிறது என்று கேளுங்கள். என் அறையில் சோகேஸ் கண்ணாடி 41இல் கிணுகிணுத்தது. அது அடங்க, மின்விசிறியின் மேல்மூடி. அதை இறுக்க, சுவரில் இருந்த அப்பாவின் படம். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் மடித்த கடதாசி, படத்துக்குப் பின்னால் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய நாலு துண்டு ரப்பர். பேஸ் 'குழம்பி' இருக்கிறது என்று நான் மாதக்கணக்காகத் திட்டியதில் பாதி அந்தக் கண்ணாடிதான்.

இரண்டு சப்பையும் பூட்டியதும் இடைவிடாத 'ம்ம்ம்' இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் எர்த் சுற்று. பின்சுவர்ச் சப் வேறு பிளக்கில், ரிசீவர் வேறு பிளக்கில் இருந்தால் வரும். எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் இருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற கெட்டித்தனம் மட்டும் வேண்டாம்.

தம்பி நேற்றுத் திரும்ப எடுத்தார். செற்றியைப் பன்னிரண்டாவது அடிக்குத் தள்ளியாயிற்று, பேஸ் 'வந்திட்டுது' என்றார். இரண்டாவது சப் அதே மொடல், அடுத்த மாதம் லண்டனில் இருந்து வருகிற பெரியம்மாவின் மகனோடு வருகிறது; பின்சுவர் நடுவுக்குத்தான், பழையது முன்சுவர் நடுவுக்கு. அம்மாவின் கதிரையைப் பெட்டிக்கு நேர் முன்னால் போடாமல் ஒரு பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னேன். பின்சுவரில் பெட்டி வந்து 32 அடங்கியதும் அறையின் நடுவே நல்ல இடமாகிவிடும், இப்போது இருக்கிற பன்னிரண்டாவது அடியோ 64இன் கணுவுக்குக் கிட்ட. செற்றியை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டி வரும்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணை, இதை நீங்களே வந்து அம்மாட்டச் சொல்லுங்கோ."